சாம்பலனின் குரல்

பொய் சொல்வதென்றால் அதில் பாதியாவது உண்மையாக இருக்க வேண்டும் என்பது நிரஞ்சனின் கொள்கை. முழுப் பொய்யைக் காப்பாற்ற நல்ல ஞாபகசக்தி வேண்டும். அரைப் பொய்க்கு அந்தக் கஷ்டம் கிடையாது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியில் இருக்கும் ஒரு காப்புறுதிக் கம்பனியில் அவன் வேலைக்குச் சேர்ந்தபோது வீடு எங்கே என்று கேட்டார்கள். "கட்டுகஸ்தோட்டை ரோட்டுப் பக்கம்" என்றான். அவன் குடியிருந்த மஹய்யாவ அந்தப் பக்கம்தானே இருக்கிறது! அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். "நகரசபையில சுப்பர்வைசர்" என்றான். நகரசபை உண்மை. சுப்பர்வைசர் என்பது மகன் பார்த்துக் கொடுத்த பதவி உயர்வு. அப்பா இருளப்பன் தலை நரைக்கும்வரை கண்டி வீதிகளைக் கூட்டியவர், இன்னும் கூட்டிக்கொண்டிருப்பவர்.

இந்த அரைப் பொய்யைக் கண்டுபிடித்தவன் அவனில்லை. வீதி கூட்டுகிறவர்களின் குடியிருப்பான மஹய்யாவையில் படித்து வெளியே வேலைக்குப் போன பிள்ளைகள் பலரும் பக்கத்து வீதியின் பெயரை இரவல் வாங்கித்தான் சொல்வார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் கேட்டவர் "ஆ..." என்று ஒரு நொடி நிறுத்துவார் பாருங்கள், அந்த ஒரு நொடிக்குப் பயந்துதான். நிரஞ்சன் அதைப் பள்ளிக்கூடத்திலேயே போதும் போதுமென்று பார்த்திருந்தான். ஆகவே இதற்காக அவனைக் கோபிக்க வேண்டியதில்லை. கோபிக்க வேண்டியது பின்னால் அவன் செய்த காரியத்துக்கு.

அலுவலகத்தில் பக்கத்துக் கதிரை ஃபாஸிலுடையது. அக்குறணைக்காரன், எப்போதும் வாய் நிறையச் சிரிப்பு, எதையும் தனியாக அனுபவிக்கத் தெரியாதவன். நல்ல புரியாணிக் கடை ஒன்றைக் கண்டால் நாலு பேரை இழுத்துக்கொண்டு போவான். அப்படித்தான் நிரஞ்சனை 'ஏழு கோட்டை'க்குள்ளும் இழுத்துவிட்டான். அது ஓர் இணைய விளையாட்டு. எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு வேடம் பூண்டு வந்து, கூட்டமாகச் சேர்ந்து சண்டைக்குப் போவார்கள். வேடத்துக்கு முதலில் இனம் தெரிவு செய்ய வேண்டும். மனிதர், மலையர், நாகர் என்று பல இனங்கள். நிரஞ்சன் தெரிவு செய்தது ஒளியர் இனத்தை. ஆறடிக்கு மேல் உயரம், பொன்னிறக் கூந்தல், நடந்தால் காலடியில் வெளிச்சம் விழும். வஜ்ரன் என்று பெயரும் வைத்தான். கோட்டை வாசலில் வஜ்ரன் வந்து நின்றால் காவல்காரர்கள் ஈட்டியைத் தாழ்த்தி வணங்குவார்கள். அந்த வணக்கத்தை வாங்குவதற்காகவே சில நாட்கள் அவன் தேவையில்லாமல் வெளியே போய் உள்ளே வருவான்.

அவர்களுடைய கூட்டத்தில் ஃபாஸிலைத் தவிர யாரையும் அவன் நேரில் கண்டதில்லை. கொழும்புக்காரர் இரண்டு பேர், யாழ்ப்பாணத்துப் பொடியன் ஒருவன், எல்லாருமே வெறும் குரல்கள்தான். பேசிக்கொண்டே விளையாட வேண்டும். அதுவும் சும்மா பேசினால் போதாது, வேடத்துக்கு ஏற்றமாதிரி, நாடகத்தில் பேசுவதுபோலப் பேச வேண்டும். அதில்தான் ருசியே இருக்கிறது.

பேசுவதற்கு ஒரு ஹெட்செட் வாங்கினான். "என்னாத்துக்குய்யா இவ்வளவு பெரிய காதுமாட்டி?" என்று இருளப்பன் கேட்டார். "ஆபீஸ் வேலைக்குப்பா. வீட்டுல இருந்தும் பேச வேண்டி வருது" என்றான். கொரோனாக் காலத்தில் அப்படிப் பேசியதும் உண்டு. ஆகவே இதுவும் அரைப் பொய்தான். அன்றிலிருந்து மகன் காதுமாட்டியைப் போட்டுவிட்டால் இருளப்பன் ரேடியோவைக் குறைத்துவிடுவார். அடுப்படியில் பாப்பம்மா சட்டியை டங்கென்று வைத்தால், "மெதுவாடி, தம்பி ஆபீஸ் பேசுது" என்று மனைவியை அடக்குவார். அந்த நேரத்தில் தம்பி ஏதாவதொரு பூதத்தின் தலையைச் சீவிக்கொண்டிருப்பான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த விளையாட்டில் புதிதாக ஓர் இனத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஆங்கிலத்தில் என்னவோ வாயில் நுழையாத பெயர். ஃபாஸில் கூட்டம் அதைச் சாம்பலர் என்று தமிழாக்கிக்கொண்டது. குட்டை உருவம், வளைந்த முதுகு, உடம்பெல்லாம் சாம்பல். கோட்டையின் முன்வாசலால் சாம்பலர் நுழையக் கூடாது. சுற்றிக்கொண்டு போய்ப் பின்னாலுள்ள சாக்கடைக் கான் வழியாகத்தான் வர வேண்டும். கடைக்காரன் பொருளைக் கையில் கொடுக்கமாட்டான், தரையில் வைப்பான். இதற்கெல்லாம் ஈடாக அவர்களுக்கு ஒரு வரம் இருந்தது. நெருப்பு சுடாது. எரிமலைக் குகைக்குள் போய் அங்கிருக்கும் வாளை எடுக்க வேண்டுமென்றால் கூட்டத்தில் ஒரு சாம்பலன் கட்டாயம் வேண்டும்.

"யாராவது ஒருத்தன் சாம்பலனா வாங்கடா" என்றான் ஃபாஸில். எல்லாரும் சிரித்துக்கொண்டே மறுத்தார்கள். "எனக்கு ஏலாது, என்ர மானம் போயிடும்" என்றான் யாழ்ப்பாணத்துப் பொடியன். மாட்டேன் என்று சொல்ல நிரஞ்சனுக்குத்தான் எல்லாரையும்விட அதிகக் காரணம் இருந்தது. அதனாலேயே முந்திக்கொண்டு, "நான் வாறேன்" என்றான். ரொம்ப மறுத்தால் ஏன் மறுக்கிறான் என்று யாராவது யோசித்துவிடக் கூடும் அல்லவா? மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பாப்பம்மா சந்தைக்குப் போயிருந்தாள், இருளப்பன் வேலையிலிருந்து வரவில்லை. அறைக்கு வாசல் இருந்தது, கதவு கிடையாது, பூப்போட்ட திரைதான். நிரஞ்சன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு புதிய வேடத்தைத் தெரிவு செய்தான். பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு ஃபாஸில் 'கரிமுத்து' என்றான். கரிமுத்து கூனிக்கொண்டு கோட்டை வாசலில் போய் நின்றான். வஜ்ரனுக்குத் தாழ்ந்த அதே ஈட்டிகள் இப்போது குறுக்கே நீண்டன.

"பேசுடா, பேசு" என்று எல்லாரும் ஏவிவிட்டார்கள். என்ன பேசுவதென்று அவன் யோசிக்கவே இல்லை. குரல் தானாக வந்தது. கொஞ்சம் மேலே ஏறி, மூக்கால் இழுபட்டு, ஒவ்வொரு வார்த்தையின் முடிவிலும் காலில் விழுகிற குரல்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. நான் அப்படி ஓரமா நின்னுக்கிறேன். இந்தப் புள்ளய மட்டும் உள்ள எடுத்துக்கங்க. ஒங்க வாசல நானே வந்து கூட்டித் தாறேன் ஐயா."

'இந்தப் புள்ள' என்று அவன் காட்டியது ஃபாஸிலின் மலையனை. எட்டடி உயரம், இரண்டு கையிலும் கோடரி. ஹெட்செட்டுக்குள் ஒரே வெடிச்சிரிப்பு. "டேய் மச்சான், வவுறு நோவுதுடா! எங்கடா படிச்ச இத? இன்னொருக்காச் செல்லு, நான் ரெகோட் பண்றேன்!" என்று கத்தினான் ஃபாஸில்.

நிரஞ்சன் இன்னொரு தரம் சொன்னான். அதற்குப் பிறகு இன்னும் பல தரம், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூட்டி. கடைக்காரனிடம் கெஞ்சினான், குதிரைக்காரனிடம் கும்பிட்டான், வழியில் போன அந்நியனிடம் "பழைய துணி ஏதும் இருந்தா குடுங்க சாமி" என்றான். வஜ்ரனாக இருந்த காலமெல்லாம் அவன் பேச்சுக்கு யாரும் இப்படிச் சிரித்ததில்லை. வஜ்ரன் பேசுவது பாடப்புத்தகத்தை வாசிப்பதுபோல இருக்கும். கரிமுத்துவுக்கோ உயிர் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், அன்று அவனுக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

எங்கே படித்தான் என்பது அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போன நாள் அது. அதிபரின் அறைக்கு வெளியே காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய், அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூக்கம் வரவில்லை. பிறகு அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அப்போதுதான் அந்தக் குரலைக் கேட்டான். கோவிச்சுக்காதீங்க ஐயா. நான் அப்படி ஓரமா நின்னுக்கிறேன். இந்தப் புள்ளய மட்டும் உள்ள எடுத்துக்கங்க. வீட்டில் கறிக்கு உப்புப் போதாதென்றால் கூரை பறக்கக் கத்துகிற மனிதர் அவர். அந்தக் குரல் அவருக்குள் எங்கே இருந்ததென்று பிள்ளைக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.

விளையாட்டு முடிந்து திரையை அணைத்தபோது கறுத்த கண்ணாடியில் தன் உருவம் தெரிந்தது. முதுகை வளைத்து, ஒரு கையால் வாயைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தான். சட்டென்று நிமிர்ந்தான். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்தால், சிமெந்துத் தரையில் ஈரக்கால் அடையாளம். பைப்படியிலிருந்து அறை வாசல் திரைவரைக்கும் வந்து, அப்படியே திரும்பி வெளியே போயிருந்தது. மேசையில் அப்பாவுக்கு மூடி வைத்த சோறு மூடியபடியே இருந்தது. அப்பா வந்துவிட்டு எங்கேயோ போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பசியோடு தன் பங்குச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் இருளப்பன் வந்தார். அவன் முகத்தைப் பார்க்காமல், "தம்பி, ஆபீஸ்ல ஒனக்கு மேல யாரு?" என்று கேட்டார்.

"ஹாஷிம் சேர். மெனேஜர்."

"ஆளு எப்படி?"

நிரஞ்சன் போனில் ஃபாஸில் அனுப்பியிருந்த ஒலிப்பதிவைத் தேடிக்கொண்டிருந்தான். "கொஞ்சம் கடுப்பான ஆளுதான். ஏம்ப்பா?"

"சும்மாதான்யா" என்றார் இருளப்பன்.

திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் ஃபாஸில் தன் போனை மேசை நடுவில் வைத்து, ஒலிப்பதிவைப் போட்டான். மெனேஜரைத் தவிர அலுவலகம் முழுக்கச் சூழ்ந்து நின்று கேட்டது. கோவிச்சுக்காதீங்க ஐயா என்று கரிமுத்து இழுத்தபோது தேநீர் கொண்டுவந்த ஆள்கூடத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார். சிரிக்காதவள் நிலூஷா ஒருத்திதான். வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை விசாரிப்பது அவள் வேலை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வருகிறேன், அம்மா கொழுந்தெடுக்கிறார் என்று சேர்ந்த அன்றே எல்லாருக்கும் சொன்னவள்.

"நல்லாத்தான் பேசுறீங்க நிரஞ்சன்" என்றாள். "ஆனா எனக்குச் சிரிப்பு வரல. எங்கூர்ல இப்படிப் பேசுற ஆளுக நெசமாவே இருக்காங்க."

"ஐயோ நிலூஷா, இது கேம்" என்றான் நிரஞ்சன். முகம் கொஞ்சம் சூடாகிவிட்டது. அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் இன்னொரு தரம் போடச் சொன்னார்கள்.

தேநீர்க் கோப்பைகளை இன்னும் எடுக்கவில்லை, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் குனிந்து செருப்பைக் கழற்றுவதை நிரஞ்சன் கண்டான். வெள்ளைச் சேர்ட். கோயில் தேருக்கும் கலியாணத்துக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருகிற சேர்ட் அது. ஒரு கையில் கோழிக்குட்டு வாழைப்பழம் ஒரு சீப்பு, மறு கையில் வெற்றிலைக் கட்டு. பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற மாதிரி.

"செருப்போடயே வாங்கய்யா, பரவாயில்ல" என்றாள் நிலூஷா. இருளப்பன் கேட்கவில்லை. வெறுங்காலோடு உள்ளே வந்து, பளபளப்பான தரையில் கால் படுவதற்கே கூச்சப்பட்டவர்போலச் சுவரோரமாக நின்றார்.

நிரஞ்சனுக்கு எழும்பத் தோன்றவில்லை. கணினித் திரைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். ஆறடி வஜ்ரன் இருந்த உடம்பு அப்போது ஒரு முழத்துக்குச் சுருங்கிவிட்டது. அப்பா வேறு ஏதாவது வேலையாக வந்திருக்கட்டும், இடம் மாறி வந்திருக்கட்டும், திரும்பிப் போய்விடட்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டான். மஹய்யாவக் கோயில் மாரியம்மனையும் வேண்டினான். பெற்ற தகப்பனை வாசலிலிருந்து விரட்டச் சொல்லி வேண்டினால் எந்த அம்மன் கேட்பாள்?

ஹாஷிம் சேர் அறையிலிருந்து வெளியே வந்தார். "ஏன் அங்கேயே நிக்கிறீங்க? வாங்க. யாரப் பாக்கணும்?"

இருளப்பன் வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வளையக் குனிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. நான் அப்படி ஓரமா நின்னுக்கிறேன்."

அதே குரல். மூக்கால் இழுபட்டு, முடிவில் காலில் விழுகிற அதே குரல். தேநீர் நேரத்தில் மேசைமேல் கேட்டதற்கும் இதற்கும் எள்ளளவு வித்தியாசம் இல்லை. ஃபாஸிலின் கை விசைப்பலகையில் நின்றுவிட்டது. யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விழுங்கினார். நிலூஷா திரும்பி நிரஞ்சனைப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள நிரஞ்சன் இங்கதான் வேல செய்யுது" என்று இருளப்பன் தொடர்ந்தார். "சின்னப் புள்ள ஐயா. தெரியாம ஏதாச்சும் தப்புச் செஞ்சிருந்தா மன்னிச்சுக்கங்க. லீவு நாள்லயும் வீட்டுல இருந்து போன்ல கெஞ்சிக்கிட்டு இருக்குது. அத அப்படிப் பேச வச்சிராதீங்க ஐயா."

ஹாஷிம் சேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெற்றிலையை வாங்கிக்கொண்டார், வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை. "நிரஞ்சனா? நல்ல பொடியனாச்சே. நான் ஒண்டும் ஏசலையே. நீங்க யாரு, வாப்பாவா?"

இருளப்பன் வாயைத் திறந்தார். அப்போதுதான் மகன் பக்கம் திரும்பினார். நிரஞ்சன் தலையைத் தூக்கினான், இருவர் கண்ணும் சந்தித்தன. தன் முகத்தில் அந்த நேரம் என்ன எழுதியிருந்தது என்று நிரஞ்சனுக்குத் தெரியாது. வாசிக்க வேண்டியவர் வாசித்துவிட்டார்.

"இல்லீங்க ஐயா" என்றார். "நான் அவங்க ரோட்டக் கூட்டுற ஆளு. இவங்க அப்பா, சுப்பர்வைசர் ஐயா, அவருக்கு வர முடியல. என்னையப் போய்ச் சொல்லிட்டு வரச் சொன்னாரு."

சுப்பர்வைசர் என்ற வார்த்தை அப்பாவின் வாயிலிருந்து வந்தது. அந்தப் பொய்யை அவன் வீட்டு வாசற்படி தாண்டவிட்டதே இல்லை. இவருக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு காலமாகத் தெரியும்?

"பிரச்சினை ஒண்டும் இல்லண்டு அவருக்குச் செல்லுங்க" என்றார் ஹாஷிம் சேர். "நிரஞ்சன், நீங்களும் வீட்டுக்குப் போய் வாப்பாட்டச் செல்லுங்க."

"சரி சேர்" என்றான் நிரஞ்சன்.

சொல்லிவிட்டான். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன நாக்கைப் பிடுங்கி எறிந்தாலும் தகும். எழுந்து வந்து ஒரு சொல் சொல்லியிருக்க நேரம் இருந்தது, வாயும் இருந்தது. சூதுவாது இல்லாத மெனேஜர் வழியைக்கூடத் திறந்து கொடுத்தார். அவன் செய்ததெல்லாம் தகப்பன் தன்னைத் தகப்பன் இல்லையென்று சொன்னதற்கு ஆமாம் போட்டதுதான். இருளப்பன் வாழைப்பழச் சீப்பை ஓரத்து மேசையில் வைத்தார், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார், பின்புறமாகவே நடந்து கதவைத் தள்ளிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

ஃபாஸில் தன் போனை எடுத்தான், எதையோ அழித்தான், மேசையில் கவிழ்த்து வைத்தான். நிரஞ்சன் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. எப்போதும் சிரிக்கிற ஒருவன் சிரிக்காமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

நிலூஷா கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து வெளியே எட்டிப் பார்த்தாள். "அந்த ஐயா செருப்ப விட்டுட்டுப் போயிட்டாங்க" என்றாள், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "யாராவது குடுத்துட்டு வந்தா நல்லது. வெளிய வெயில்."

"நான் குடுத்துட்டு வாறன்" என்று ஃபாஸில் எழுந்தான்.

"வேணாம்" என்றான் நிரஞ்சன். தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "நான் போறேன். அது எங்க அப்பா."

யாரும் "ஆ..." என்று ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. அல்லது நிறுத்தினார்களோ என்னவோ, அவன் பார்க்கவில்லை. செருப்பு கதவோரத்தில் சோடியாக, யார் காலிலும் தட்டாதபடி சுவரோடு ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒன்றின் வார் அறுந்து கம்பியால் கட்டியிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினான். கழுத்தில் டையும் கையில் பழஞ்செருப்புமாக ஓடுகிறவனை வீதியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சந்தைக் கட்டடத்துக்கு முன்னால் பிடித்துவிட்டான். இருளப்பன் சூடான நடைபாதையில் நிழல் விழுந்த இடமாகப் பார்த்துக் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தார்.

"அப்பா!"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "கத்தாதய்யா. ஒங்க ஆபீஸ் ஆளுக யாராச்சும் கேக்கப் போறாங்க."

"கேக்கட்டும்" என்று குனிந்து செருப்பை அவர் காலருகில் வைத்தான்.

"என்னாய்யா இது, ஒன் கையால..." அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "நீ எதுக்கு வெளிய வந்த? ஏசப் போறாங்க."

"நீங்க எதுக்குப்பா வந்தீங்க?"

"சனிக்கிழம கேட்டேன்யா. காதுமாட்டியப் போட்டுக்கிட்டு யாருகிட்டயோ கெஞ்சிக்கிட்டு இருந்த. எனக்குச் சோறு எறங்கல. அப்படிப் பேசுறது என்னோட போகட்டும்னுதானே ஒன்னப் படிக்க வச்சேன். கெஞ்ச வேண்டியிருந்தா என்னையக் கெஞ்சச் சொல்லுங்கன்னு அந்த ஐயாகிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எனக்குப் பழக்கந்தானே." பிறகு கொஞ்சம் திருப்தியோடு, "நல்ல மனுசனாத்தான் தெரியுது. இனிமே ஒன்ன ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றார்.

நிரஞ்சன் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டான். "சுப்பர்வைசர்னு ஒங்களுக்கு யாருப்பா சொன்னது?"

"போன தீவாளிக்கு முந்தி நீ ஒன் போன வீட்டுல வச்சிட்டுக் கடைக்குப் போயிட்ட. ஆபீஸ்ல இருந்து ஒரு பொம்பளப் புள்ள பேசுச்சு. சுப்பர்வைசர் ஐயாவான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். பின்ன என்னா சொல்ல?" என்றார். அதில் மனக்குறை எதுவும் இல்லை. ஒரு சின்னப் பெருமைகூட இருந்ததுபோலத் தெரிந்தது, அதைத்தான் நிரஞ்சனால் தாங்க முடியவில்லை.

இதோடு விட்டிருந்தால் அப்பா நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். மெனேஜர் திருந்திவிட்டார் என்று அம்மாவிடம் சொல்லியிருப்பார். இன்னும் ஓர் அரைப் பொய், வழக்கம்போலப் பத்திரமாக நின்றிருக்கும். நிரஞ்சன் அதையும் யோசித்தான். ஆனால் அந்த மனிதர் வெறுங்காலோடு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"யாரும் என்னைக் கெஞ்சச் சொல்லலப்பா. அது ஆபீஸ் இல்ல. போன்ல, கம்பியூட்டர்ல வெளையாடுற ஒரு வெளையாட்டு. அதுல சாம்பலன்னு ஒரு ஆளு. அவன வாசலுக்குள்ள விடமாட்டாங்க. நான் அவனா நடிச்சேன். பேசிக் காட்டச் சொன்னாங்க." நிறுத்தி மூச்சு வாங்கினான். "நான் ஒங்க மாதிரி பேசிக் காட்டினேன்."

இருளப்பன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தைக்குள்ளிருந்து யாரோ மிளகாய் விலை கூவினார்கள்.

"சிரிச்சாங்களா?" என்று கேட்டார்.

"ம்."

"நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றார். "நானே நம்பிட்டேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பான். ஓர் அறை விட்டிருந்தால் இன்னும் நல்லது. அவர் உண்மையாகவேதான் சொன்னார், வேலையை வேலையென்று மதிக்கிற ஆள். நிரஞ்சன் நின்ற இடத்திலேயே அழுதான். டையின் நுனியால் முகத்தைத் துடைத்தான்.

இருளப்பன் ஒரு செருப்பில் காலை நுழைத்தார். கம்பி கட்டியதை நுழைக்கப் போனவர் அப்படியே நின்றார். ஏதோ கணக்குப் பிடிபடாததுபோல நெற்றியைச் சுருக்கினார்.

"நான் வீட்டுல அப்படிப் பேசுறதில்லையே. நீ எங்க கேட்ட?"

"என்னைய ஸ்கூல்ல சேக்கக் கூட்டிட்டுப் போனீங்களே. அன்னிக்கு."

இரண்டு பஸ் வந்து ஆளேற்றிக்கொண்டு போயின. மகனிடம் இதுவரை குனியாத தலை இப்போது மெல்லக் குனிந்தது.

"நீ தூங்கிட்டேன்னுல்லய்யா நெனச்சேன்" என்றார் இருளப்பன்.